எட்டுப் பலகைகள் தொங்கிய கடை

2002 ஏப்ரல் 1-ம் தேதிக்கு முன்பு இந்தியாவில் இணையம் வழியாகத் தொலைபேசி பேச அனுமதி கிடையாது. கணினி இருக்கலாம், மைக் இருக்கலாம், எதிர்முனையில் ஆள் காத்திருக்கலாம், பேசக் கூடாது. அந்தத் தடை நீங்கிய வருஷம்தான் முத்துப்பேட்டையில் நான் பிரவுசிங் சென்டர் திறந்தேன்.

படிக்கிற பிள்ளைகளை நம்பித்தான் கடை போட்டேன். வந்தவர்களோ பெரும்பாலும் துபாயிலும் சவுதியிலும் குவைத்திலும் வேலை பார்த்தவர்களின் வீட்டுப் பெண்கள். பிளைவுட் தடுப்பு அடித்த சின்ன கேபின்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஹெட்போன். ஐ.எஸ்.டி. பூத்தில் ஆகிற செலவில் ஒரு சிறு பங்குக்கு நெட்போனில் பேசலாம் என்ற செய்தி தெருத் தெருவாகப் பரவியிருந்தது. குரல் தாமதமாகத்தான் போகும். இவர் கேட்ட கேள்வி அங்கே சேர்வதற்குள் அவர் வேறு ஏதோ சொல்லத் தொடங்கிவிடுவார். இரண்டு குரலும் நடுவழியில் மோதிக்கொள்ளும்.

"தம்பி, அவுக பேசுறது எனக்குக் கேக்குது. நான் பேசுறது அங்க போவுதா?"

"போவுதுக்கா. ஒரு பேச்சு பேசிட்டுக் கொஞ்சம் பொறுங்க, அவர் பதில் வரும்."

பூத்தில் பேசுகிறவர்களின் கண் சிவப்பு எண்கள் ஓடுகிற மீட்டரிலேயே இருக்கும். காசு போதாமல் பாதியில் வைத்துவிடுவார்கள். என் கேபினில் அதே பெண்கள் கால்மணி நேரம் பேசினார்கள். குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொன்னார்கள், நாத்தனார் சண்டையைச் சொன்னார்கள், சிலர் ஒன்றும் சொல்லாமல் அழுதார்கள். குரல் மலிவாவது என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். பிற்பாடு, எல்லாத் தளத்தையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்கிற இணையச் சமநிலை பற்றி எவ்வளவோ படித்தேன். எதைப் படித்தாலும் அந்தக் கேபின்கள்தான் எனக்கு அளவுகோல்.

அந்தக் குரலை அத்தனை வருஷம் தடுத்து வைத்தது யார்? 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட அதே அரசு நிறுவனம், வி.எஸ்.என்.எல்.தான். நாட்டுக்கே ஒரே கடை. வெறும் எழுத்து மட்டும் தெரிகிற இணைப்பு 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய். படமும் தெரிய வேண்டுமானால் 15,000 ரூபாய். 1998-ல் தனியாருக்கு வழி திறந்து, சென்னையிலிருந்து சத்யம் இன்ஃபோவே முதல் தனியார் இணைய நிறுவனமாக வந்த பிறகும் பேச்சுக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. இணையத் தொலைபேசித் தளங்களை வி.எஸ்.என்.எல். அடைத்து வைத்தது. அருண் மேத்தா என்ற பொறியாளர் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனார்.

காரணம் எளிது. வெளிநாட்டு அழைப்பை விற்கும் உரிமையும் வி.எஸ்.என்.எல். ஒன்றிடம்தான் இருந்தது. மக்கள் இணையத்தில் பேசத் தொடங்கினால் ஐ.எஸ்.டி. வருமானம் போய்விடும். தன் ஒரு சரக்கைக் காப்பாற்ற, தானே விற்ற இன்னொரு சரக்கின் வாயைக் கட்டியது. இணையத் தொலைபேசிக்கு அனுமதி கிடைத்த 2002 ஏப்ரல் 1, வி.எஸ்.என்.எல்.லின் ஐ.எஸ்.டி. ஏகபோகம் முடிந்த அதே நாள். இந்த ஒரு தேதியை நான் மறப்பதே இல்லை. விற்பவர் ஒருவரே என்ற நிலையும், எதைப் பேசலாம் என்று அவரே சொல்லும் நிலையும் ஒன்றாக வாழ்ந்து ஒன்றாகப் போயின.

அப்புறம் எல்லாம் வேகமாக மாறியது. பிராட்பேண்ட் என்றால் விநாடிக்கு 256 கிலோபிட் என்று 2004-ல் அரசாங்கக் கொள்கை சொன்னது. அந்த வேகமே எங்களுக்குப் பெரிதாக இருந்தது. கைப்பேசி வீட்டுக்கு வீடு வந்தது, கேபின்கள் காலியாயின. நான் பிளைவுட்டைக் கழற்றிவிட்டு ரீசார்ஜும் ஜெராக்ஸும் போட்டேன். கடை வாசலில் ஏர்டெல், வோடஃபோன், ஐடியா, ஏர்செல், பி.எஸ்.என்.எல்., ரிலையன்ஸ், டாடா டோகோமோ, எம்.டி.எஸ். என்று எட்டுப் பலகைகள் தொங்கின. ஒன்றின் விற்பனை ஆள் காலையில் வந்து ஒரு சலுகையைச் சொல்லிப் போனால், சாயங்காலத்துக்குள் இன்னொன்றின் ஆள் அதைவிடப் பெரிய சலுகையோடு வந்து நிற்பார். 2011 ஜனவரியிலிருந்து எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றலாம் என்றும் ஆனது. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போவதற்கு ஏழு வாசல்கள் இருந்த காலம் அது.

இத்தனை போட்டி இருந்தபோதுதான் பழைய ஆசை திரும்பி வந்தது. 2014 டிசம்பர் கடைசியில், இணையம் வழியாகப் பேசுவதற்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்தது. ஸ்கைப், வைபர் போன்ற செயலிகளில் பேச 75 எம்.பி.க்கு 75 ரூபாயில் தனிப் பேக். டேட்டாவுக்கு ஏற்கனவே காசு கொடுத்தவர், அந்த டேட்டாவில் குரல் போனால் மறுபடி கொடுக்க வேண்டும். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே நிறுத்திவைத்தார்கள். ஆனால் கேள்வி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் மேசைக்குப் போய்விட்டது. 2015 மார்ச் 27 அன்று 118 பக்கத்தில், 20 கேள்விகளோடு ஒரு ஆலோசனை அறிக்கை வந்தது. இந்தச் செயலிகள் எங்கள் அழைப்பு வருமானத்தையும் எஸ்.எம்.எஸ். வருமானத்தையும் தின்கின்றன, அவற்றுக்கு உரிமம் வேண்டும், கட்டணம் வேண்டும் என்று நிறுவனங்கள் வாதாடின. வி.எஸ்.என்.எல். காலத்து வாதம்தான். சொல்லும் வாய்கள் மட்டும் மாறியிருந்தன.

அந்த ஏப்ரல் மாதத்தை நினைத்தால் இன்றும் நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது. நிகில் பாஹ்வா போன்ற செயற்பாட்டாளர்களும் பல மென்பொருள் இளைஞர்களும் சேர்ந்து, அந்த 20 கேள்விகளுக்கும் பதில் எழுதி, யார் வேண்டுமானாலும் அனுப்பும்படி 'சேவ் தி இன்டர்நெட்' தளத்தில் வைத்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் டிராய்க்குப் போயின. ஒரு தொலைத்தொடர்பு அறிக்கைக்கு இவ்வளவு பேர் பதில் எழுதுவார்கள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நானும் எழுதினேன். தயாராக இருந்த பதில்களுக்குக் கீழே, என் கேபின்களில் பேசிய பெண்களைப் பற்றிச் சில வரிகள் சேர்த்தேன். அதே மாதம் ஏர்டெல் ஜீரோ என்ற திட்டம் வந்தது: நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கும் செயலி வாடிக்கையாளருக்கு இலவசம். அதில் சேரவிருந்த ஃபிளிப்கார்ட் மக்களின் கோபத்தைப் பார்த்து ஏப்ரல் 14 அன்று விலகியது.

அதைவிடக் கடினமான சண்டை ஃபேஸ்புக்கோடு நடந்தது. அது எங்கள் வாசலிலேயே நடந்ததால் விரிவாகச் சொல்ல வேண்டும். 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து ஃபேஸ்புக் 'இன்டர்நெட்.ஆர்க்' திட்டத்தை ஆறு மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடு அதில் ஒன்று, தமிழிலும் கிடைத்தது. முப்பத்துச் சொச்சம் தளங்கள் டேட்டா கட்டணம் இல்லாமல் திறக்கும். பிறகு அதற்கு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் மாற்றினார்கள். நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரங்கள். ஏழை விவசாயிக்கு இணையம் வேண்டாமா என்று மார்க் சக்கர்பெர்க் தம் பெயரிலேயே டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் எழுதினார்.

என் கடைக்குப் பக்கத்தில் மீன் வியாபாரம் செய்த பெரியவர் நியாயமாகத்தான் கேட்டார்.

"சும்மா குடுக்குறேங்கிறான். அதையும் வேணாங்குறியே தம்பி, இல்லாதவனுக்கு அதாவது கிடைக்கட்டுமே?"

"கிடைக்கட்டும் பெரியவரே. ஆனா எது கிடைக்கணும்னு அவனே முடிவு பண்றான். நம்ம ஊர் சேதி போடுற பிள்ளைங்க தளம் அதுல இருக்கா, பாருங்க."

இல்லை. எங்கள் கடற்கரை ஊர்களில் சம்பளம் இல்லாமல் பிள்ளைகள் நடத்திய செய்தித் தளங்கள் உண்டு. யார் வீட்டில் மௌத், எந்தத் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்தது, பத்தாம் வகுப்பில் யார் முதல் மதிப்பெண் என்று எழுதுவார்கள். வளைகுடாவில் இருக்கும் எங்கள் ஆட்கள் இரவு அறைக்கு வந்ததும் முதலில் திறந்தது அவற்றைத்தான். 1998 பொங்கலன்று தொடங்கி, ஸ்விட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியில் தன்னார்வலர்கள் தட்டெழுதி வளர்த்த மதுரைத் திட்டமும் அப்படிப்பட்டதுதான். அவர்கள் யாரிடமும் பேரம் பேசவில்லை, யாருக்கும் கட்டணம் கட்டவில்லை. ஒரு கோப்பை ஏற்றி வைத்தார்கள். உலகத்தில் எங்கிருந்து கேட்டாலும் பெரிய நிறுவனத்தின் பக்கம் வருகிற வழியிலேயே அதுவும் வந்தது. தமிழ் இணையத்தில் தழைத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. இலவசத் தளங்கள் ஒரு பக்கம், காசு கேட்கும் தளங்கள் மறுபக்கம் என்று பிரித்துவிட்டால், கையில் காசில்லாதவர் அந்த மறுபக்கம் வரவேமாட்டார். அவரிடம் போய்ச் சேர வேண்டிய தமிழும் அவரைச் சேராது.

மதகைத் திறக்கிறவர் எந்த வயலில் என்ன பயிர் என்று பார்த்துத் தண்ணீர் விட்டால் கடைமடைக்காரன் கதி என்ன என்று கேட்டேன். பெரியவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

2016 பிப்ரவரி 8 அன்று டிராய் தீர்ப்பு மாதிரி ஒரு ஒழுங்குமுறை வெளியிட்டது. உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். ஃபேஸ்புக் வழியாக ஆதரவுக் கடிதங்கள் 18 லட்சத்துக்கும் மேல் போயிருந்தன. அந்த எண்ணிக்கைக்கு டிராய் வளையவில்லை. சில நாட்களில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டுப் போயிற்று. வேகத்தைக் குறைப்பது, அடைப்பது, சிலருக்கு முன்னுரிமை கொடுப்பது ஆகியவற்றுக்கும் 2018-ல் உரிம விதிகளிலேயே தடை வந்தது. அமெரிக்காவில் இதே விதி 2015-ல் வந்து, 2017-ல் ரத்தாகி, 2024-ல் திரும்பி, 2025 ஜனவரி 2 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மறுபடி விழுந்தது. இணையச் சமநிலை என்ற வார்த்தையே பிறந்த நாட்டில் நிலைக்காதது இங்கே நிலைத்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம். நான் பெருமைப்படுகிறேன்.

ஆனால் டிராயின் 2016 விதி வந்த ஏழே மாதத்தில் சந்தை தலைகீழானது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. குரல் அழைப்புக்குக் காசே கிடையாது. டேட்டா பல மாதம் இலவசம். 4ஜியில் குரலும் டேட்டாவாகத்தான் போகிறது என்பதால், எதற்குத் தனிக் கட்டணம் கேட்டு நிறுவனங்கள் வாதாடினவோ அதையே எல்லா நிறுவனங்களும் இலவசமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. இணையத்தில் பேசினால் நாங்கள் அழிந்துவிடுவோம் என்று சொன்னவர்களே இப்போது 4ஜியில் குரலை டேட்டாவாகத்தான் அனுப்புகிறார்கள். அதுவரை ஒரு ஜி.பி.யை மாதம் முழுக்க இழுத்துப் பிடித்தவர்கள் ஒரே நாளில் ஒரு ஜி.பி. செலவழித்தார்கள். எங்கள் ஊர் மீனவர் வானிலைப் படத்தைப் படகில் பார்த்தார். இதை நன்மை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அந்த நன்மைக்குக் கொடுத்த விலை என் கடை வாசலில் தெரிந்தது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் எம்.டி.எஸ்.ஸை விழுங்கி, 2017 முடிவதற்குள் தானும் அழைப்புச் சேவையை நிறுத்தியது. டாடா டோகோமோ ஏர்டெலோடு போனது. வோடஃபோனும் ஐடியாவும் 2018-ல் ஒன்றாயின. மற்றதைவிட ஏர்செல்லின் முடிவுதான் தமிழ்நாட்டை உலுக்கியது. 1999-ல் இங்கேயே தொடங்கி, சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையில் பெயர் போட்ட நிறுவனம். 2018 பிப்ரவரி கடைசியில் மாநிலம் முழுக்க அதன் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஊமையாயின. லட்சக்கணக்கானோர் எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள, மாற்றுவதற்கான குறியீட்டுக்காக அலைந்தார்கள். வங்கி ஓ.டி.பி. வராது, வெளிநாட்டிலிருந்து அழைப்பு வராது. மாத முடிவில் நிறுவனம் திவால் மனு போட்டது. நான் பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். இப்போது நான்கு தொங்குகின்றன. அவற்றில் பெரும்பாலான ஆட்கள் கேட்பது இரண்டைத்தான்.

நான்கில் இரண்டு தடுமாறுகின்றன. பி.எஸ்.என்.எல். அரசாங்கத்துடையது. வோடஃபோன் ஐடியாவின் கடன் பாக்கி பங்காக மாறியதில், 2025-ல் அதன் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கும் அரசாங்கத்திடம் வந்துவிட்டது. 2024 ஜூலை முதல் வாரத்தில் மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்து விலை ஏற்றின. எட்டுப் பலகைக் காலத்தில் ஒருவர் ஏற்றினால் அடுத்தவர் அதையே விளம்பரமாக்கியிருப்பார். இம்முறை கோபப்பட்டவர்கள் என்னிடம் பி.எஸ்.என்.எல். சிம் கேட்டு வந்தார்கள். சிக்னல் போதாமல் பலர் சில மாதத்தில் பழைய இடத்துக்கே திரும்பினார்கள்.

விதியும் இல்லை, வாசலும் இல்லை என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க எங்கள் ஊர்க்காரர்கள் தூரம் போக வேண்டியதில்லை. என் அக்கா மகன் துபாயில் இருக்கிறான். முத்துப்பேட்டையில் வாட்ஸ்ஆப்பில் பேசுகிற அதே போன், அதே செயலி. அங்கே இறங்கியதும் செய்தி போகிறது, குரல் பதிவு போகிறது, அழைப்பு மட்டும் போவதில்லை. எத்திசலாத், து என்று இரண்டே நிறுவனங்கள். இரண்டிலும் அரசின் கை ஓங்கியிருக்கிறது. 2018-ல் இணையத்தில் பேசுவதற்கென்று தனிக் கட்டணத் திட்டம் வைத்தார்கள்: போட்டிம் போன்ற அனுமதிக்கப்பட்ட செயலியில் பேச மாதம் 50 திர்ஹம். கூலி வேலை பார்ப்பவருக்கு அது சின்னத் தொகை இல்லை. அந்தத் தொகையைக் கேட்டபோது, 2014-ல் நாம் எதைத் தடுத்தோம் என்று எனக்கு முழுசாக விளங்கியது. ஏர்டெலின் 75 ரூபாய்த் திட்டம் நிலைத்திருந்தால் மற்றவர்களும் அதைத் தொடர்ந்திருப்பார்கள். இரு முனையிலும் காசு கொடுத்துத்தான் ஒரு தாய் தன் மகனின் குரலைக் கேட்டிருப்பாள்.

இங்கே பழைய கோரிக்கை இப்போது வேறு உடுப்பில் வந்திருக்கிறது. யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் மாதிரிப் பெரிய தளங்கள் எங்கள் கம்பிகளை நிரப்புகின்றன, ஆகவே அவை எங்களுக்கு நியாயமான பங்கு தர வேண்டும் என்று நிறுவனங்களின் சங்கம் 2023-லிருந்து கேட்கிறது. கம்பியை நிரப்புவது தளம் இல்லை. படம் பார்க்க ரீசார்ஜ் செய்த வாடிக்கையாளர். அந்தக் காசு ஏற்கனவே வாங்கியாகிவிட்டது. தென்கொரியா 2016 வாக்கில் இந்த மாதிரிக் கட்டண முறைக்குள் போனது. அங்கே வலைக்கட்டணம் மற்ற பெரும்பாலான நாடுகளைவிடப் பத்து மடங்கு என்று சொல்லி, வீடியோ கேம் நேரலைத் தளமான ட்விட்ச் 2024 பிப்ரவரி 27 அன்று கொரியாவில் கடையைக் கட்டியது. அமேசானுக்குச் சொந்தமான தளத்துக்கே இந்த நிலை. பெரியவர்களிடம் மட்டும்தான் வாங்குவோம் என்று இங்கே சொல்கிறார்கள். எங்கே கோடு போடுவது என்பதை நிறுவனமும் தளமும் தனியாக உட்கார்ந்து பேசி முடிக்கும் என்றால், அந்த அறைக்குள் நுழைய முடியாத சிறு தளங்களின் கதி என்ன என்பதுதான் என் கவலை.

வீட்டு இணைப்பிலும் வாசல்கள் சுருங்குகின்றன. எங்கள் ஊரில் கேபிள் டி.வி.க்காரர் கம்பத்துக்குக் கம்பம் ஃபைபர் இழுத்துக் கொடுக்கிறார். சண்டை வந்தால் அவர் வீட்டுக்கே போய்க் கேட்கலாம். சென்னையில் என் மகள் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஒரே ஒரு நிறுவனத்தின் கம்பிதான் உள்ளே வரலாம் என்று கட்டியவர்கள் ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறார்கள். இணைப்பு அடிக்கடி அறுந்தது. வேறு நிறுவனத்தைக் கூப்பிட்டால் வாசல் காவலர் உள்ளே விடவில்லை. அங்கே சமநிலை விதி முழுசாகச் செல்லும்: எல்லாத் தளமும் ஒரே மாதிரி திறக்காது. அடுக்ககங்களின் குழாயில் எந்த நிறுவனமும் கம்பி இழுக்கலாம் என்ற உரிமை, 2016-ன் விதி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

கடையில் நான் செய்யக்கூடியது குறைவு. வயதானவர்கள் வந்தால் இரண்டாவது சிம் வேறு நிறுவனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுவேன். ஒன்று ஊமையானாலும் இன்னொன்று பேசும். முன்பு சிம்மைச் சும்மா வைத்திருக்கச் செலவு இல்லை. இப்போது உயிரோடு வைக்கவே ரீசார்ஜ் வேண்டும். பட்டன் போன் மட்டும் வைத்திருக்கும் பாட்டிகளும் பேசுவதற்காகத் தங்களுக்குத் தேவையே இல்லாத டேட்டாவைச் சேர்த்து வாங்கினார்கள். குரலுக்கு மட்டும் தனித் திட்டம் வைத்தாக வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் டேட்டாவில் போகும் குரலுக்குத் தனி விலை கேட்டார்கள். இப்போது டேட்டா இல்லாத குரலைத் தனியாக விற்கச் சொல்லி உத்தரவு போட வேண்டியிருக்கிறது. வந்த திட்டங்களும் மலிவாக இல்லை. விலையைக் கேட்டுவிட்டுப் பாதிப் பேர் இரண்டாவது சிம்மை விட்டுவிடுகிறார்கள். அவர்களை இருக்கச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, ஏனென்றால் அந்தப் பணம் அவர்களுடைய இரண்டு நாள் மாத்திரைச் செலவு.